புற்றும் கோரையும்

ஓய்வு பெற்ற லேப் டெக்னீசியனை யார் தேடப்போகிறார்கள் என்று நிம்மதியாக இருந்தேன். பாளையம்பட்டியில் வீடு, காலையில் பேப்பர், மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு தூக்கம். அந்தத் தூக்க நேரம் பார்த்துத்தான் புவனா போன் செய்வாள். நான் வேலை பார்த்த ஆஸ்பத்திரியில் என் இடத்துக்கு வந்திருக்கும் பெண். கெட்டிக்காரிதான். கேள்வி கேட்கும் வேகத்துக்குப் போலீஸ் வேலைக்குப் போயிருக்க வேண்டியவள்.

போன மாதம் கேட்டாள். "அக்கா, புது மிஷின் வந்திருச்சு. ரத்தத்த உள்ள வச்சா எல்லாத்தையும் எண்ணி, சந்தேகம் இருந்தா கொடியும் போட்டு, பேப்பர்ல அடிச்சுத் துப்பிருது. இன்னமும் எதுக்குக்கா ஸ்லைடு போட்டு, சாயம் ஊத்தி, கண்ணக் கெடுத்துக்கிட்டு?"

"கொடி போட்டா ஸ்லைடு போடு" என்றேன்.

"அதான் ஏன்னு கேக்குறேன்."

தூக்கக் கலக்கத்தில் சொல்லக்கூடிய பதில் இல்லை அது. எழுதித் தருகிறேன் தாயே, ஆளை விடு என்று போனை வைத்தேன். சொன்ன பாவத்துக்கு எழுதுகிறேன்.

எங்கள் வீட்டில் பேசுவது கன்னடம், தெருவுக்கு வந்தால் தமிழ். அப்பா நூலுக்குச் சாயம் போடுகிறவர். மதுரையில் லேப் படிப்பை முடித்துவிட்டு வந்த என்னிடம், என்ன கற்றுக்கொண்டாய் என்று கேட்டார். ரத்தத்துக்குச் சாயம் போடக் கற்றுக்கொண்டேன் என்றேன். அதற்கு மதுரை வரைக்கும் போக வேண்டுமா என்று சிரித்தார். படித்த காலத்தைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றும் இல்லை, ஹாஸ்டல் சாம்பார் தண்ணீராக இருக்கும் என்பதைத் தவிர. பிறகு திருச்சுழிப் பக்கத்து சுகாதார நிலையங்களில் சில வருஷங்கள் மலேரியா ஸ்லைடும் சளி ஸ்லைடும் பார்த்தேன். அதன் பிறகு சொந்த ஊர் ஆஸ்பத்திரி. அங்கேதான் டாக்டர் செந்தாமரையிடம் மாட்டினேன்.

மாட்டினேன் என்றுதான் சொல்ல வேண்டும். குழந்தைகள் டாக்டர். மற்ற டாக்டர்கள் ரிப்போர்ட்டை வார்டுக்கு அனுப்பச் சொல்வார்கள். இந்த அம்மா லேபுக்கே வந்துவிடுவார். செருப்பை வாசலில் விட்டு, கைப்பையைக் கதவுக் கொண்டியில் மாட்டி, என் ஸ்டூலில் உட்கார்ந்துகொள்வார். நான் நிற்க வேண்டும். நான் போட்டுக் கொடுத்த முதல் ஸ்லைடை ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "இது ரத்தமா, பொங்கல் கோலமா?" என்று கேட்டார். எனக்கு அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. மறுபடி போட்டேன். அதுவும் கோலம்தான். சரியாக வரும்வரை அந்த அம்மா எழுந்திருக்கவில்லை. வெளியே அவருக்காகக் காத்திருந்த கூட்டம் என்னைத்தான் திட்டியிருக்கும்.

புவனாவுக்காக இதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ஸ்லைடின் ஓரத்தில் ஒரு சொட்டு ரத்தம், கடுகை விடப் பெரிது, மிளகை விடச் சிறிது. இன்னொரு ஸ்லைடைச் சாய்த்துப் பிடித்துப் பின்னால் இழுத்து அந்தச் சொட்டைத் தொட வேண்டும். தொட்டதும் ரத்தம் விளிம்பு முழுக்கத் தானாக ஓடும். ஓடி முடிக்கும்வரை பொறுக்க வேண்டும். பிறகு ஒரே தள்ளு. நடுவில் யோசித்தால் வரி விழும், பயந்தால் திட்டுத் திட்டாக நிற்கும். சரியாக வந்தால் தடிப்பாகத் தொடங்கி முனையில் நாக்கு போல மெலிந்து முடியும். நாக்கு நுனிக்குக் கொஞ்சம் முன்னால்தான் அணுக்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் தனித்தனியாக உட்கார்ந்திருக்கும். பார்க்க வேண்டிய இடம் அது. எங்கள் ஊரில் ஸ்லைடைக் காய வைப்பது பெரிய காரியமில்லை, வெயில் பார்த்துக்கொள்ளும். ஈயிடமிருந்து காப்பாற்றுவதுதான் பெரும்பாடு. கண் அசந்தால் வந்து நக்கிவிட்டுப் போய்விடும், ஸ்லைடு முழுக்கப் பொட்டுப் பொட்டாக ஓட்டை.

காய்ந்ததும் லீஷ்மன் சாயம். முழுவதும் மூடும்படி ஊற்றி, கொஞ்சம் பொறுத்து, அதன் மேலேயே தண்ணீர் சேர்த்து மெல்ல ஊதிக் கலக்க வேண்டும். மயில் கழுத்து நிறத்தில் மேலே ஒரு ஆடை கட்டும். கட்டினால் சாயம் பிடிக்கிறது என்று அர்த்தம். கழுவும்போது சாயத்தைக் கவிழ்த்துவிட்டுக் கழுவக் கூடாது. அது ஸ்லைடின் மேல் இருக்கும்போதே தண்ணீரை ஓட விட வேண்டும். இல்லாவிட்டால் கசடு படிந்துவிடும், பிறகு தெரிவது நோயா கசடா என்று நம் கண்ணையே நம்ப முடியாது.

டாக்டரம்மாவுக்கு இரண்டு பழக்கங்கள் உண்டு. ஒன்று, லென்ஸில் பார்க்கும்போது ஏதோ ஒரு ராகத்தை முனகுவார். எந்தப் பாட்டு என்று யாருக்கும் தெரியாது, அவருக்கே தெரியாது. முனகல் ஓடிக்கொண்டிருந்தால் பிள்ளைக்கு ஒன்றும் இல்லை. நின்றால் ஏதோ இருக்கிறது. ரிப்போர்ட் எழுதுவதற்கு முன்பே எங்களுக்குத் தெரிந்துவிடும்.

இன்னொன்று, நோயாளிகளிடம் தமிழில்தான் பேசுவார். வேலைக்கு வந்த புதிதில் ஒரு தகப்பனிடம் நோயின் பெயர் முதல் மருந்து வரை இங்கிலீஷில் விளக்கினாராம். அவரும் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, கடைசியில் "அப்ப ஒரு ஊசியில சரியாயிரும்ல?" என்றாராம். அன்றோடு இங்கிலீஷை விட்டார். எங்கள் எல்லோருக்கும் "கேன்சர்" என்பது வாயில் புழங்கும் சொல். அவர் "புற்று" என்பார். சொல் அழகாகத்தான் இருந்தது. அது எங்கே கொண்டுபோய் விடும் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

தர்ஷினி முதன்முதலில் வந்தபோது அவளுக்கு ஆறு வயது. பரளச்சிக்குப் பக்கத்து ஊர். அப்பா கருப்பசாமி, மானாவாரிக் காட்டில் மக்காச்சோளமும் மல்லியும் போடுகிறவர். அம்மா முத்துமாரி. பிள்ளைக்குக் கால் வலி, விட்டு விட்டுக் காய்ச்சல். சுளுக்கு என்று நினைத்து இரண்டு ஊரில் எண்ணெய் போட்டு நீவியிருந்தார்கள். காய்ச்சலுக்கு மெடிக்கலில் சிரப். எதற்கும் அடங்கவில்லை என்று எங்களிடம் வந்தார்கள். முகம் சுண்ணாம்பு அடித்தது போல வெளுத்திருந்தது. ஆனால் வாய் மட்டும் வெளுக்கவில்லை. நான் ஊசியை எடுத்ததும், "அத்த, உங்களுக்கு ஊசி போட்டா நீங்க அழுவீகளா?" என்று கேட்டாள்.

"அழுவேன்" என்றேன்.

"அப்ப நான் அழுதா ஒண்ணும் சொல்லக் கூடாது" என்று முதலிலேயே பேசி முடித்துக்கொண்டு விரலை நீட்டினாள்.

அன்றைக்கு இருந்த பழைய மிஷின், வெள்ளணுக்களை எண்ண முடியாமல் திணறியது. ஸ்லைடு போட்டேன். எண்ணெய்ச் சொட்டு விட்டுப் பெரிய லென்ஸைத் திருப்பினேன். சாதாரணமாகச் சிவப்பணுக்களுக்கு நடுவே ஒன்றிரண்டு வெள்ளணு தெரியும், ஒவ்வொன்றும் ஒரு சாயலில். அன்று பார்வை முழுக்க ஊதா. எல்லாம் ஒரே சாயல். உருண்டையாக, உட்கருவே உடம்பாக, ஓரத்தில் மட்டும் நூல் போல நீலம். வளராத வெள்ளணுக்கள். வளர்ந்து வேலைக்குப் போக வேண்டியவை, வளராமலேயே பெருகிப் பெருகி மற்ற அணுக்களின் இடத்தையெல்லாம் பிடித்துக்கொண்டிருந்தன. "தேவரே" என்று வாய் தானாகக் கன்னடத்தில் கடவுளைக் கூப்பிட்டது.

டாக்டரம்மா வந்தார், பையை மாட்டினார், உட்கார்ந்தார். முனகல் நின்றது. "இன்னொண்ணு போடுங்க" என்றார். போட்டேன். அதுவும் அப்படியே இருந்தது. ஒரு குடும்பத்தின் தலையில் என்ன விழப்போகிறது என்று அவர்களுக்கு முன்பே தெரிந்துகொள்வதுதான் எங்கள் வேலையின் மோசமான பகுதி. வெளியே பெஞ்சில் மூன்று பேரும் ஒரு தேங்காய் பன்னைப் பிய்த்துத் தின்றுகொண்டிருந்தார்கள்.

டாக்டரம்மா தன் அறைக்குக் கூப்பிட்டுச் சொன்னபோது நானும் நின்றிருந்தேன். "ரத்தத்துல புற்று மாதிரி தெரியுது. மதுரையில எலும்புக்குள்ள இருந்து கொஞ்சம் எடுத்துப் பாத்து உறுதி பண்ணுவாங்க. பயப்படாதீங்க. புள்ளைங்களுக்கு வர்ற இந்த வகைக்கு நல்ல மருந்து இருக்கு. நிறைய புள்ளைங்க பொழச்சு, படிச்சு, வேலைக்கே போயிட்டாங்க. ஆனா மருந்து வருஷக்கணக்குல சாப்பிடணும்."

முத்துமாரி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள். கருப்பசாமி தலையைத் தொங்கப் போட்டார். "எனக்குத் தெரியும் டாக்டரம்மா. எல்லாம் என்னாலதான். நான்தான் இடிச்சேன்."

"அடிச்சதால எல்லாம் வராதுங்க" என்றார் டாக்டரம்மா. "யாராலயும் வர்றதில்ல இது. உங்க மேல பழிய போட்டுக்காதீங்க."

எனக்கும் "அடிச்சேன்" என்றுதான் காதில் விழுந்தது. பிள்ளையை எப்போதோ அடித்ததை நினைத்து உருகுகிறார் என்று எண்ணிக்கொண்டேன். பாவம், நல்ல மனுஷன் என்று தோன்றியது.

முதல் சில மாதங்கள் மதுரையிலேயே போயின. ஒவ்வொரு மருந்தாக ஏற்றினார்கள், முதுகுத்தண்டில் ஊசி போட்டார்கள், முடி கொட்டியது. திரும்பி வந்தபோது அடையாளம் தெரியவில்லை. மொட்டைத் தலை, மாத்திரையால் பொங்கிய கன்னம், அப்புறம் ஒரு பசி. அந்தப் பசியை நான் எங்கும் பார்த்ததில்லை. இட்லி முடிந்ததும் தோசை கேட்பாள், தோசை வேகும்போதே மதியத்துக்கு என்ன என்பாள். "மூணு பேருக்கு ஆக்குறேன், அதுல ரெண்டு பேரு இவதான்" என்று முத்துமாரி அலுத்துக்கொண்டாள். அலுப்பில் இருந்த சந்தோஷத்தை மறைக்கத் தெரியவில்லை அவளுக்கு.

மதுரையில் கடைசியாக எலும்புக்குள் பார்த்தபோது கெட்ட அணுக்கள் கண்ணுக்குத் தெரியவில்லை. இனி வீட்டில் மாத்திரை. ஒரு மாத்திரை தினமும், இன்னொன்று வாரம் ஒரு நாள் மட்டும். இரண்டு வருஷத்துக்கு விடாமல். அந்த மாத்திரை கெட்ட அணுக்களோடு நல்ல அணுக்களையும் கொஞ்சம் தட்டிவைக்கும். நல்லவை ரொம்பக் குறைந்தால் ஒரு சின்னக் கிருமியும் பிள்ளையைச் சாய்த்துவிடும், குறையவே இல்லையென்றால் மாத்திரை போதவில்லை என்று அர்த்தம். ஆகவே ஆரம்பத்தில் வாராவாரம் எண்ணிப் பார்த்து, டாக்டரம்மா மதுரைக்குப் போன் போட்டுப் பேசி, அளவைக் கூட்டுவார், குறைப்பார். எண்ணுவது என் வேலை. புதன்கிழமைதோறும் பரளச்சிப் பக்கமிருந்து பஸ் ஏறி வந்துவிடுவார்கள்.

விரல்களுக்கு முறை வைத்தது தர்ஷினிதான். போன வாரம் ஆள்காட்டி, இந்த வாரம் பாம்பு விரல், அடுத்த வாரம் மோதிர விரல். நடுவிரலை எங்கள் பக்கம் பாம்பு விரல் என்போம். பாம்பு விரலின் முறை வந்த அன்று கருப்பசாமி பதறிக்கொண்டு குறுக்கே வந்தார்.

"அக்கா, அந்த வெரலு வேணாம். வேற எதுல வேணா குத்திக்கிருங்க."

"ஏன், அதுக்கு என்ன?"

"வேணாம்க்கா. அது ஆகாது."

எல்லாத் தகப்பனுக்கும் ஒரு கிறுக்கு இருக்கும். பிள்ளையின் இடது கையில்தான் குத்த வேண்டும் என்பவர்களைப் பார்த்திருக்கிறேன், ஊசி போடும்போது கிழக்கே பார்க்க வேண்டும் என்பவர்களையும் பார்த்திருக்கிறேன். சரி என்று விட்டுவிட்டேன்.

இதற்கிடையே இரண்டு தடவை தர்ஷினிக்குக் கடும் காய்ச்சல் வந்தது. வெள்ளணு இறங்கியிருந்த நேரம் வேறு. இரண்டு தடவையும் ஆம்புலன்ஸில் மதுரைக்கு அனுப்பினோம். டாக்டரம்மா துருவித் துருவி விசாரித்தார். தண்ணீர் கொதிக்கவைத்ததுதான். பழம் தோல் உரித்ததுதான். வெளியே வாங்கித் தின்பது கிடையாது. கை கழுவாமல் சொந்தக்காரர்களைக் கூடத் தொட விடுவதில்லை. "நான் என்னத்தக் கொறையா செஞ்சேன்னு தெரியலையே" என்று முத்துமாரி புலம்பினாள்.

ஒரு வாரம் புதன்கிழமை அரசு விடுமுறை. வெள்ளிக்கிழமை வரச் சொல்லியிருந்தோம். வந்தாள். நெற்றி நிறைய செம்மண் பூச்சு. வாயைத் திறந்து சிரித்தாள், பல் இடுக்கிலும் மண்.

"என்னத்தா, மண்ணையா தின்ன?"

"சாமி மண்ணுத்த. வெள்ளிக்கிழம வெள்ளிக்கிழம பால்ல போட்டுக் குடிக்கணும். கசக்காது, நறநறன்னு இருக்கும்."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கருப்பசாமி பெருமையாகத்தான் சொன்னார். காட்டு ஓரத்தில் ஆளுயரத்துக்கு ஒரு புற்று இருந்ததாம். பண்ணைக்குட்டை வெட்ட வந்த ஜேசிபிக்கு அது குறுக்கே நின்றது. இடிக்கச் சொல்லிவிட்டார். உள்ளேயிருந்து ஒரு நல்ல பாம்பு வெளியே போனதை டிரைவர் பார்த்திருக்கிறான். அடுத்த சில மாதங்களில் பிள்ளைக்கு நோய்.

"டாக்டரம்மாவே சொன்னாகள்ல, ரத்தத்துல புத்து வந்துருச்சுன்னு. அவுக வாயாலயே கேட்டதுக்குப் பெறகு எனக்கு என்ன சந்தேகம்? நானும் ஒத்துக்கிட்டேன், நான்தான் இடிச்சேன்னு. அவுக ஆறுதலுக்கு, அதால எல்லாம் வராதுன்னாக. பெரிய மனசு. கோயில் புத்துக்கு வாரம் தவறாம பால் ஊத்துறோம், மண்ணு எடுத்துக் குடுக்கோம். நீங்களே ரத்தம் சுத்தமா இருக்குன்னு சொல்லிட்டீக. சாமி எறங்கிருச்சுன்னு பூசாரியும் சொல்லிட்டாரு. இந்த ஆடி கடைசி வெள்ளியோட மாத்திரைய நிறுத்திரலாம்னு இருக்கோம்க்கா."

ஊசியைக் கீழே வைத்துவிட்டேன். இந்த நோயில் இதுதான் ஆபத்தான கட்டம். பிள்ளை தின்கிறது, சிரிக்கிறது, முடி முளைக்கிறது. மாத்திரையை நிறுத்தினால் அன்றைக்கு ஒன்றும் ஆகாது, அடுத்த வாரமும் ஆகாது. இன்னும் கலகலப்பாகக்கூட இருக்கும். பிறகு ஒருநாள் திரும்பி வரும். திரும்பி வந்தால் அது முதல் தடவை போல மருந்துக்குக் கட்டுப்படும் என்று யாரும் சொல்ல முடியாது. பரளச்சிப் பக்கத்து வீட்டுக்குள் மாத்திரை விழுங்கியாயிற்றா இல்லையா என்று நானோ டாக்டரம்மாவோ போய்ப் பார்க்க முடியாது. அந்தப் பிள்ளையின் உயிர் இந்த மனுஷன் நம்புகிறாரா இல்லையா என்பதில் இருந்தது. 

ஓடிப்போய் டாக்டரம்மாவிடம் சொன்னேன். வெடிக்கப்போகிறார் என்று நினைத்தேன். அவரோ, "இடிச்சேன்னா சொன்னாரு? அய்யய்யோ. பாம்பு இருக்குற புற்றா!" என்று தலையில் அடித்துக்கொண்டார். பிறகு எழுந்து, "அந்த முதல் நாள் ஸ்லைடு இருக்கா?" என்றார். இருந்தது. நல்ல ஸ்லைடுகளை நான் எறிவதில்லை.

லேபில் என் ஸ்டூலில் அன்று கருப்பசாமி உட்கார்ந்தார். லென்ஸில் கண்ணை வைத்தவுடன் இறுக்கி மூடிக்கொண்டார். திறக்கச் சொன்னால் மற்றக் கண்ணைத் திறந்தார். "என்னக்கா, எங்கண்ணு மயிரு மட்டுந்தான் தெரியுது" என்றார். தர்ஷினி விழுந்து விழுந்து சிரித்தாள். தலையைப் பிடித்துத் திருப்பி, தூரத்தைச் சரிசெய்து, ஒருவழியாகப் பார்க்க வைத்தேன்.

"என்ன தெரியுது?" டாக்டரம்மா கேட்டார்.

"ஊதாவா, உருண்டை உருண்டையா. காடு பூரா அடைச்சுக் கெடக்கு."

"அது தர்ஷினி, வந்த முதல் நாள். அக்கா, அடுத்ததை வைங்க. இது இந்த மாசம்."

"இது வெளேர்னு இருக்கு. ஒண்ணு ரெண்டுதான் தெரியுது. அதத்தான நானும் சொல்றேன், சுத்தமாயிருச்சுன்னு."

"மேலே சுத்தம். ரத்தம் விளையிற இடம் எலும்புக்குள்ள இருக்கு. அங்க கண்ணுக்குத் தெரியாம ஒண்ணு ரெண்டு ஒளிஞ்சு கிடக்கும். எந்த லென்ஸ்லயும் தெரியாது. மருந்த விட்டா, அதுல இருந்து திரும்பக் கிளம்பும்."

கருப்பசாமி லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அடியில கெழங்கு கெடக்கும்னு சொல்றீக" என்றார்.

"என்ன கிழங்கு?"

"கோரை, டாக்டரம்மா. நாலு உழவு போட்டு, மேல இருக்கிறத பூராம் பெறக்கிட்டா காடு கண்ணாடி மாதிரிதான் இருக்கும். ஒரு மழ பேஞ்சா முந்தினதுக்கு ரெண்டு பங்கு மொளைக்கும். அடிக் கெழங்கு சாகுற வரைக்கும் விடாம உழுகணும். ஒரு போகம் அசந்தா காடு அதுக்குத்தான்." சடாரென்று நிமிர்ந்தார். "கோரைன்னு சொல்லியிருக்கலாம்ல! புத்துன்னு சொல்லி, இத்தன நாளா என்னைய பாம்புக்கிட்ட மன்னிப்புக் கேக்க விட்டுட்டீகளே!"

டாக்டரம்மா சிரித்த சிரிப்பில் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க வேண்டியதாயிற்று. நானும் சிரித்தேன். முத்துமாரி மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப மாத்திர நிறுத்தக் கூடாதுல்ல? நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன், கேட்டாகளா?" என்று அத்தனை மாதத்துக்கும் சேர்த்துப் புருஷனைப் பிடித்துக்கொண்டாள்.

ஒப்பந்தம் அங்கேயே முடிந்தது. "பால் பாம்புக்கு, மாத்திரை புள்ளைக்கு" என்றார் டாக்டரம்மா. "மண்ணு நெத்தியோட நிக்கட்டும். வாய்க்குள்ள போகக் கூடாது. மண்ணுல கிருமி இருக்கும், இவ உடம்புல காவலுக்கு இப்ப ஆள் கம்மி."

"பூசாரி கேட்டா என்ன சொல்ல?"

"நான் சொன்னேன்னு சொல்லுங்க. சாமி கோவிச்சுக்கிட்டா என்கிட்ட வரட்டும்."

அந்த இரண்டு காய்ச்சலுக்கும் மண்தான் காரணம் என்று சத்தியம் செய்ய முடியாது, டாக்டரம்மாவும் அப்படிச் சொல்லவில்லை. அதன் பிறகு அப்படியொரு காய்ச்சல் வரவில்லை, அவ்வளவுதான் எனக்குத் தெரியும். அடுத்த புதன்கிழமை தர்ஷினி மோதிர விரலை நீட்டினாள். கருப்பசாமி அதை மடக்கி, நடுவிரலை எடுத்து என் முன்னால் வைத்தார். "பாம்பு வெரல்ல குத்துங்கக்கா. இம்புட்டு நாளும் அது மட்டும் சும்மா இருந்துருக்கு" என்றார்.

அதிலிருந்து எங்கள் லேபில் அந்த நோய்க்குப் பெயரே கோரை. "கோரை மொளைக்கலல்லக்கா?" என்றுதான் முத்துமாரி கேட்பாள். டாக்டரம்மா தமிழை விடவில்லை. ஆனால் எதைச் சொன்னாலும், "நான் சொன்னதுல உங்களுக்கு என்ன புரிஞ்சுதுன்னு திருப்பிச் சொல்லுங்க" என்று கேட்க ஆரம்பித்தார். என்னென்னவோ புரிந்துகொண்டிருந்தார்கள் ஜனங்கள், அதை எழுதினால் தனிக் கட்டுரை ஆகும். புவனா, உன் மிஷின் போடும் கொடி உனக்குப் புரியும், டாக்டருக்குப் புரியும். கருப்பசாமியை உட்காரவைத்துக் காட்டுவதற்கு உன்னிடம் ஒரு ஸ்லைடு வேண்டும். உன் கேள்விக்கு என் பதில் இதுதான், இனி மத்தியானத்தில் போன் செய்யாதே.

இரண்டு வருஷமும் வழுக்கிக்கொண்டு போய்விடவில்லை. அளவு கூடிக் கூடிக் குறைந்தது. ஒரு தடவை அம்மை கண்ட பிள்ளை பக்கத்து வீட்டில் இருக்கிறது என்று தெரிந்து, முத்துமாரி இவளைத் தூக்கிக்கொண்டு தன் அம்மா ஊருக்கு ஓடினாள். இந்த நோய் ஒட்டிக்கொள்ளும் என்று யாரோ சொன்னதைக் கேட்டுப் பள்ளிக்கூடத்தில் இவள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை. "நல்லதாப் போச்சு, பெஞ்சு பூராம் எனக்குத்தான்" என்றாள் என்னிடம். சொல்லிவிட்டு ரத்தம் எடுத்து முடிக்கும்வரை அழுதாள். ஊசிக்கு அழாத பிள்ளை. டாக்டரம்மா ஒரு சனிக்கிழமை கார் எடுத்துக்கொண்டு அந்தப் பள்ளிக்கூடத்துக்கே போய் டீச்சர்களிடம் பேசிவிட்டு வந்தார். அடுத்த வாரம் பெஞ்சில் இடம் போதவில்லை என்று வேறு புகார்.

இன்றைக்கு அவள் உயரமாக வளர்ந்து பிளஸ் ஒன் படிக்கிறாள், வேளாண்மைதான் படிப்பேன் என்று அப்பாவைப் பயமுறுத்துகிறாள். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வாசிப்பவர்கள் வயிற்றில் புளியைக் கரைக்க எனக்கு விருப்பமில்லை. நான் சொல்ல வந்தது மாத்திரை முடிந்த நாளைப் பற்றி.

மதுரையில் எல்லாச் சோதனையும் முடித்து, மருந்தை நிறுத்தலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். எங்களிடம் ஒரு கடைசி எண்ணிக்கை. எண்ணினேன், ஸ்லைடும் பார்த்தேன். டாக்டரம்மா பக்கத்தில் முனகிக்கொண்டே இருந்தார். "முடிஞ்சுதுங்க. இன்னையோட மாத்திரை வேணாம். இனி மாசம் ஒரு தடவை வந்து ரத்தம் மட்டும் குடுத்துட்டுப் போங்க" என்றார்.

கருப்பசாமி கும்பிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் முகம் செத்துப்போயிற்று. "இன்னும் ஒரு ரெண்டு மாசத்துக்குக் குடுங்களேன் டாக்டரம்மா" என்றார்.

"எதுக்கு? மருந்தோட வேலை முடிஞ்சுது."

"மாத்திர உள்ள போற வரைக்கும் ஒரு தைரியம் இருந்துச்சு. இனிமே என்னத்தப் புடிச்சுக்கிட்டு நான் தூங்குறது? திரும்ப வராதுன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, நான் போயிருதேன்."

டாக்டரம்மா அந்த வார்த்தையைச் சொல்லவில்லை. பொய் சொல்ல அவருக்கு வராது. "வராம இருக்கத்தான் இவ்வளவும் செஞ்சோம். பெரும்பாலும் வராது. வராதுன்னு சத்தியம் பண்ண என்னால முடியாது. நாம பாத்துக்கிட்டே இருப்போம்" என்றார். கருப்பசாமி அழுதார். அத்தனை நாளில் அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான். நானும் அழுதேன், மூக்கைச் சிந்திக்கொண்டு அவர்களை வழியனுப்ப வாசல் வரை வந்தேன்.

வாசலில் கட்டட வேலைக்கு ஜல்லி கொட்டியிருந்தது. தர்ஷினி அதைப் பார்த்ததும் அம்மாவின் கையை உதறிவிட்டு ஓடினாள். ஓடுவது அவளுக்குத் தடை. ஆரம்பத்தில், ரத்தத்தை உறைய வைக்கும் அணுக்கள் மிகவும் குறைந்திருந்தபோது, விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று மதுரையில் சொன்னார்கள். அணுக்கள் ஏறிய பிறகும் முத்துமாரி அதைத் தளர்த்தவில்லை. ஓடாதே, குதிக்காதே, சைக்கிளைத் தொடாதே என்று பிள்ளையின் நிழலாகவே இரண்டரை வருஷம் நடந்தாள்.

நாலு எட்டு ஓடியதும் தர்ஷினி ஜல்லியில் சறுக்கி முழங்கால் அடிபட விழுந்தாள்.

நாங்கள் மூன்று பேரும் அப்படியே நின்றோம். முழங்காலில் தோல் வழன்று ரத்தம் அரும்பியது. அவள் ரத்தத்தை நான் எத்தனையோ தடவை கண்ணாடியில் பார்த்திருக்கிறேன், அவள் காலில் பார்ப்பது முதல் தடவை. கருப்பசாமி பாய்ந்தார். முத்துமாரி அவர் சட்டையைப் பின்னாலிருந்து பிடித்து நிறுத்திவிட்டாள். அவள் கண் பிள்ளையின் முழங்காலை விட்டு நகரவில்லை. ரத்தம் ஒரு கோடாக இறங்கியது, மெதுவாகியது, நின்றது.

அழலாமா வேண்டாமா என்று தர்ஷினி திரும்பி எங்களைப் பார்த்தாள்.

"ஒண்ணுமில்லடி" என்றாள் முத்துமாரி, நின்ற இடத்திலிருந்தே. "மண்ணத் தட்டிட்டு எந்திரி. பஸ்ஸு வந்துரும், ஓடு."